சுடாத காயிலும் சல்யூட் அடிக்கும் ஏட்டையாவும்

அடுத்தவர் தலையில் காந்தத்தை வைத்து வினாடிக்கு ஒரு தட்டு தட்டுவதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். வலிக்காது, சத்தம்தான் வரும். டக், டக், டக் என்று இருபது நிமிஷம். பக்கத்து வீட்டு டி.வி., எதிர்வீட்டுக் கிரைண்டர், தெருமுனை ஒலிபெருக்கி என்று ஏதாவது ஒரு சத்தத்தோடு தினமும் மல்லுக்கட்டும் உங்களுக்கு என் பாடு புரியும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் தென்காசியில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மனைவி காலமான பிறகு கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில் ஒரு மனநல மருத்துவமனை. அங்கே ஜெனரேட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன்.

அங்கேதான் அந்த ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. மனச்சிதைவு நோய் உள்ள சிலருக்கு, பக்கத்தில் ஆளே இல்லாமல் குரல் கேட்கும். திட்டும், உத்தரவு போடும், சிலருக்கு வர்ணனை செய்யும். அந்தக் குரல் கேட்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஸ்கேனில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்துக்கு நேராக, இடது காதுக்கு மேலே கொஞ்சம் பின்னால், காந்தக் காயிலை வைத்துத் தட்டி, குரல் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சி அவ்வளவுதான். காயிலைப் பிடிக்க வந்த படித்த டெக்னீசியன் மூன்றாம் மாதமே துபாய்க்குப் போய்விட்டார். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அந்த மிசினின் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்த ஒரே ஆள் நான். சென்னையிலிருந்து ஆட்கள் வந்து ஒரு வாரம் பழக்கிக் கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, இதுவும் காயில்தானே? மோட்டாருக்குப் பதிலா மண்டை. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஊக்கு

ஸ்கேன் மிசின் என்பது அறை அளவு காந்தம். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. வருபவர்களிடமிருந்து இரும்பைப் பிரித்தெடுப்பது என் பொறுப்பு. ஆண்களிடம் பெல்ட், சாவி, செல்போன் என்று சுலபமாக முடிந்துவிடும். நம்மூர்ப் பெண்களிடம் தாலிக்கொடியில் தொடங்க வேண்டும். தங்கத்தைக் காந்தம் ஒன்றும் செய்யாது. அதில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகள்தான் ஆபத்து. இலத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாவின் கொடியில் மட்டும் ஏழு ஊக்கு இருந்தது. "அவசரத்துக்கு வேணும்லா" என்றார். என்ன அவசரத்துக்கு ஏழு ஊக்கு என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்த எனக்கே அது தெரியாது.

ஊக்கெல்லாம் வந்துவிட்டது. கையில் கட்டியிருந்த தாயத்து மட்டும் வரவில்லை. தகரக் குழாய். "இதைக் கட்டினதே அந்தக் குரலை விரட்டத்தான். இதக் கழட்டிட்டுப் போயி அவனைப் படம் எடுக்கணும்னா, அவன் சும்மா இருப்பானா?" என்று நியாயம் கேட்டார். டாக்டரம்மா கால் மணி நேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்து, தாயத்தை அவிழ்த்து என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். "நான் வெளிய வரது வரைக்கும் நீங்க கட்டிக்கிடுங்க அண்ணாச்சி. என்னைய விட்டு வெளிய குதிச்சான்னா பக்கத்துல நிக்க ஆளத்தான் முதல்ல பிடிப்பான்."

எஸ் ஸார்

ஏட்டையா கடையத்திலிருந்து மனைவி பேச்சியம்மாளுடன் வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து, குரல் கேட்கத் தொடங்கியதால் விருப்ப ஓய்வில் வந்தவர். ஐம்பது வயதுதான் இருக்கும். மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. அவருக்குக் கேட்பது ஓர் இன்ஸ்பெக்டரின் குரல். நிஜத்தில் அப்படி ஓர் அதிகாரியின் கீழ் அவர் வேலை பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தக் குரல் எந்நேரமும் அவரை டியூட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

நான் விண்ணப்பத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஏட்டையா திடீரென்று எழுந்தார். குதிகால்கள் சேர்ந்தன. வெறும் சுவரைப் பார்த்து "எஸ் ஸார்!" என்று ஒரு சல்யூட். என் பேனா கீழே விழுந்துவிட்டது. பேச்சியம்மாள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டே, "இன்ஸ்பெக்டரு வந்துருக்காரு. ரெண்டு நிமிசத்துல போயிருவாரு. நீங்க எழுதுங்க" என்றார்.

சத்தம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. ஏட்டையா குரலைத் தாழ்த்தி, "ஒம்பது" என்றார். பத்து என்றே சொல்லலாம், ஆனால் சொன்னால் இன்ஸ்பெக்டருக்குப் பெருமை வந்துவிடும் என்று காரணமும் சொன்னார்.

பிறகு பேச்சியம்மாள் விஷயத்துக்கு வந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மேடையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியது தகப்பன். ஆனால் பேச்சியம்மாளின் அண்ணன், ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இவர் எழுந்து காற்றுக்கு சல்யூட் அடித்தால் மானம் போய்விடும், நானே தாரை வார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நோய் விவரம் தெரியும், அவர்களுக்கு ஆட்சேபமில்லை. சுபேதாருக்குத்தான் ஆட்சேபம். ஏட்டையா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மணி நேரம் அண்ணாச்சி. அந்த ஆளுக்குப் பதில் சொல்லாம ஒரே ஒரு மணி நேரம் நான் உக்காந்துட்டா, எம் மகள நானே குடுத்துருவேன்."

மேலதிகாரி உத்தரவு

ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர் கையில் ஒரு பட்டனைக் கொடுப்போம். குரல் கேட்டால் அமுக்க வேண்டும், நின்றால் விட வேண்டும். அந்த நேரத்துப் படத்தையும் மற்ற நேரத்துப் படத்தையும் ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஏட்டையா அரைமணி நேரம் உள்ளே இருந்தார். பட்டன் ஒரு தடவைகூட அமுங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவருடைய வலதுகால் மட்டும் அவ்வப்போது விறைத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், குரலே கேட்கவில்லையா என்று டாக்டரம்மா ஆவலோடு விசாரித்தார். ஏட்டையாவுக்கு வருத்தமாகிவிட்டது. "கேக்காம என்ன, முழு நேரமும் கேட்டுச்சு. ஆனா அவருதான் 'அமுக்காதலே'ங்காரு. மேலதிகாரி வேண்டாம்னு சொல்லும்போது நான் எப்படிம்மா அமுக்குவேன்?"

மூளை நல்லா இருக்கு

குரல் கேட்காதவர்களின் மூளையும் ஒப்பிட வேண்டும் அல்லவா? அதற்கு நலமான ஆட்கள் தேவை. பாண்டிய ராஜ்யம் முழுக்க நலமான ஆட்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் அதை நிரூபிக்க ஸ்கேனுக்குள் படுக்க ஒருவரும் தயாரில்லை. கடைசியில் மேலகரத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் துணிந்து வந்தார். படம் எடுத்து முடித்ததும், மூளை நன்றாக இருப்பதாக ஒரு கடிதம் வேண்டும் என்று நின்றுவிட்டார். ஆராய்ச்சியில் அப்படியெல்லாம் சான்றிதழ் கொடுப்பதில்லை என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். வீட்டில் காட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். படத்தில் குறை எதுவும் தெரியவில்லை என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவர் மனைவியே நேரில் வந்துவிட்டார், கையில் அந்தக் கடிதத்தோடு. "இது எத்தனை நாளைக்குச் செல்லும்னு போடலியே. நேத்து சாயங்காலமே மறுபடி ஆரம்பிச்சிட்டாரு."

தொட்டி

ஆள் போதாமல் ஒருநாள் என்னையும் நலமானவர் பட்டியலில் சேர்க்கப் பார்த்தார்கள். கேள்வித்தாளில் ஒரு கேள்வி: யாருமில்லாதபோது குரல் கேட்டதுண்டா? நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஆம் என்று எழுதிவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு விவரம் கேட்டார்.

என் மனைவி போய் ஆறு மாதம் இருக்கும். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, மோட்டாரை நிறுத்துங்க" என்று பின்பக்கத்திலிருந்து அவள் குரல். தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு. போய் நிறுத்தினேன். பிறகுதான் யார் சொன்னது என்று உறைத்தது. அதன்பின் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தும் பார்த்துவிட்டேன். துக்கத்தில் இருப்பவர்கள் பலருக்கு இப்படி நடப்பது சகஜம், நோய் இல்லை என்றார் டாக்டரம்மா. பிறகு, "தொட்டி நிரம்பியிருந்ததா?" என்று கேட்டார். வழிந்துகொண்டிருந்தது என்றேன். அவர் தாளில் என்னவோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அவங்க சரியாத்தானே சொல்லியிருக்காங்க. இதுக்கு நான் என்ன மருந்து எழுதுறது அண்ணாச்சி?"

அருவிக்குப் போட்டி

காயிலை வைக்கும் இடத்தை ஸ்கேன் படத்தைப் பார்த்து அளந்து, தலையில் பேனாவால் புள்ளி வைப்போம். பட்டனை அமுக்காத ஏட்டையாவுக்கு, பெரும்பாலானவர்களுக்கு வரும் இடத்தையே எடுத்துக்கொண்டோம். இரண்டு வாரம், ஞாயிறு தவிர தினமும் அதே புள்ளியில் தட்ட வேண்டும். அழியக் கூடாது என்று டாக்டரம்மா எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்லுவார். ஆனால் நாங்கள் இருந்தது குற்றாலம் ரோடு. அப்போது சாரல் காலம்.

ஏட்டையா இரண்டாம் நாள் வந்தபோது புள்ளி இல்லை. தலையில் அரைப்படி எண்ணெய் தேய்த்து மெயின் அருவியில் நின்றுவிட்டு, துண்டோடு நேராக வந்திருந்தார். மறுபடி அளந்து புள்ளி வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எண்ணெயில் காயில் வழுக்கியது. டாக்டரம்மா பொறுமையிழந்து, இனிமேல் குளிக்கவே கூடாது என்றார். ஏட்டையா அதை ஏற்கவில்லை. "தட்டுததுதான் வைத்தியம்னா, அருவியும் அதத்தானம்மா செய்யுது?" என்று வாதம் செய்தார். அருவியில் நிற்கும்போது குரல் நிற்கிறதா என்று டாக்டரம்மா ஆர்வத்தோடு பேனாவை எடுத்தார். ஏட்டையா தலையை ஆட்டினார். "எங்கம்மா நிக்கி? அவரும் கூட நின்னு குளிச்சிட்டு, 'தள்ளி நில்லுலே'ன்னு எனக்கே ஆர்டர் போடுதாரு."

அ காயில், ஆ காயில்

இனி இந்தத் தொழிலின் ஒரு சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். எங்களிடம் இரண்டு காயில்கள் இருந்தன. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் அ, இன்னொன்றில் ஆ என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஒன்று நிஜம். இன்னொன்று டக், டக் என்று சத்தம் மட்டும் போடும் டம்மி. நன்றாகப் போவது காந்தத்தாலா, காந்தம் வைக்கிறார்கள் என்ற நம்பிக்கையாலா என்று தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. யாருக்கு எது என்பதைச் சென்னையில் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, காயிலைப் பிடிக்கும் எனக்கும் தெரியக் கூடாது. எல்லோரிடமும் இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவோம். டம்மி வந்தவர்களுக்கு, கணக்கு முடிந்து ஒரு மாதம் கழித்து நிஜக் காயில் வைப்பதாகவும் ஏற்பாடு.

இதை வடிவமைத்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், காயில் கட்டுகிற ஒருவன் கையில் இது வந்து சேரும் என்பதைத் தவிர. மோட்டார் கடையில் ஓடி நின்ற எதையும் நாங்கள் உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்போம். சூடு சரியா, அதிகமா என்று கை சொல்லிவிடும். முதல் நாள் இருபது நிமிஷம் ஓடி நின்ற அ காயிலில் பழக்கதோஷத்தில் கையை வைத்தேன். இளஞ்சூடு. அடுத்த ஆளுக்கு ஆ காயில். கையை வைத்தேன். பச்சைத் தண்ணீர். மின்சாரம் ஓடிய காயில் சுடாமல் இருக்குமா? டாக்டர் பட்டங்கள் சேர்ந்து பூட்டிய ரகசியத்தை என் உள்ளங்கை ஒரே நாளில் திறந்துவிட்டது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏட்டையாவுக்கு வந்தது ஆ.

டம்மியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே அவரிடம் கேட்டிருந்தேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் கவலையே படவில்லை. "எனக்கு என்ன புதுசா அண்ணாச்சி? சர்வீஸ்ல பாதி நாள் குண்டில்லாத துப்பாக்கியத்தான குடுத்து பந்தோபஸ்துக்கு அனுப்புனான்."

திருட்டு முழி

ஆறாம் நாள். கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பேச்சியம்மாள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் பிடி தளரவில்லை என்று சொல்லிவிட்டு, "இந்த மிசின்தான் அண்ணாச்சி கை குடுக்கணும்" என்று என்னைக் கும்பிட்டார். கை கொடுக்காத மிசினைத்தான் அவர் கணவருக்கு நான் தினமும் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து நிஜக் காயில் கிடைக்கும். ஆனால் அதற்குள் அவர் மகளை வேறொருவர் தாரை வார்த்துக் கொடுத்திருப்பார்.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். ஆ காயிலை வைத்துவிட்டு அ காயிலை எடுத்து மாட்டினேன். சீட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். ஏட்டையா காதில் அடைப்பான்களை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். காயிலை அவர் தலைக்குக் கொண்டுபோகும்போது கதவை ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் அடைப்பானைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சந்தையில பர்ஸ் அடிக்க வந்தவன் மாதிரி முழிக்கீங்க?"

"ஒண்ணுமில்ல ஏட்டையா. கொஞ்சம் தலைசுத்தல்."

"தலைசுத்தல் இப்படி இருக்காது. கட்டைவிரலை எடுங்க."

எடுத்தேன். அவர் சீட்டைப் படித்தார். வழக்கமாகத் தனக்கு எந்தக் காயில் வரும் என்பது அவருக்கும் தெரியும். இவர் ஒருவருக்காக மாற்றினால், இதுவரை தலையைக் கொடுத்த அத்தனை பேரின் கணக்கும் கெட்டுப்போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கு என்ன புரிந்ததோ, அடைப்பானைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பழசையே மாட்டுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தவன். எனக்காகக் கள்ள ஓட்டுப் போட்டு மாட்டிக்கிடாதீங்க."

கையுறை

அன்று மதியமே டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். உள்ளங்கை விவகாரம், அலமாரி விவகாரம் இரண்டையும். மாட்டியதைக் கழற்றிவிட்டேன், ஒரு தட்டுகூடத் தட்டவில்லை என்றும் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எது நிஜம் என்று நான் வாயெடுப்பதற்குள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாதீங்க, எனக்குக் கேக்கக் கூடாது, கேக்கக் கூடாது!" என்று கத்தினார். காதில் குரல் கேட்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அப்படி உட்கார்ந்திருந்ததை வாசலில் நின்று பார்த்த நோயாளி ஒருவர், இவருக்குமா என்பது போல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

சென்னைக்குத் தகவல் போயிற்று. என்னை நீக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாற்று ஆள் இல்லை. நான் கண்டுபிடித்ததைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து காயிலை ஒரு ஸ்டாண்டில் பொருத்துவது, அதன் மேல் உறை போடுவது, அண்ணாச்சி கையில் தடித்த கையுறை மாட்டிக்கொள்வது என்று உத்தரவு வந்தது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற மாதிரி இரண்டு கையுறை. அதை மாட்டிக்கொண்டு நான் கிட்டே போனதும் ஏட்டையா சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். "ஏன் அண்ணாச்சி, எந் தலை அவ்வளவா கொதிக்கி?"

கட்டமில்லாத பதில்

இரண்டு வாரம் முடிந்தது. கடைசி நாள் டாக்டரம்மா மறுபடியும் அதே கேள்வித்தாளோடு உட்கார்ந்தார். சத்தம் எவ்வளவு? "ஏழு" என்றார் ஏட்டையா. குரல் எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை வருகிறது? அப்படியேதான் வருகிறது. அதனால் எவ்வளவு தொந்தரவு? "மூணு." டாக்டரம்மா நிமிர்ந்தார். முதல் நாள் அந்த இடத்தில் பத்து என்று எழுதியிருந்தது. எனக்கும் ஆச்சரியம்தான். சில பேருக்கு அ காயிலில் குரல் நன்றாகவே அடங்கியதை நான் பார்த்திருக்கிறேன், சிலருக்கு ஒன்றும் அசையவில்லை. ஆனால் பச்சைத் தண்ணீராக இருந்த ஆ காயிலில் இது எப்படி?

ஏட்டையா விளக்கினார். காயில் ஓடும்போது பேசக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். வாயைத் திறந்தால் தாடை அசையும், தாடை அசைந்தால் காயில் நகர்ந்துவிடும். எழுந்திருக்கவும் கூடாது. "காதுல அடைப்பான வச்சிட்டா வெளிச்சத்தம் நின்னு அந்த ஆளு இன்னும் தெளிவாக் கேப்பாரு. 'ஏட்டு, எந்திரி'ம்பாரு. எப்படி எந்திரிக்க? தலைக்கு மேல காயில். 'பதில் சொல்லுலே'ம்பாரு. எப்படிச் சொல்ல? அண்ணாச்சி திட்டுவாவ. மொத நாலு நாளு வேர்த்துக் கொட்டிச்சு. இன்னைக்குத் தொலைஞ்சோம், சஸ்பெண்டுதான்னு நெனச்சேன். தெனமும் இருபது நிமிசம் அவரு கத்துனாரு, நான் பதில் சொல்லல. என்ன பண்ணிட்டாரு? ஒண்ணும் பண்ணல. இத்தனை வருசமா எனக்கு இது தெரியாமப் போச்சே."

டாக்டரம்மா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று ஏட்டையாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை எந்தக் கட்டத்துல எழுதுறது அண்ணாச்சி? இதுக்குக் கட்டமே போடலையே" என்றார்.

தாரை

கடையத்தில் கல்யாண மண்டபம். காலை முகூர்த்தம். இருபது நிமிஷத்தை நம்பி ஒரு மணி நேரத்துக்கு உட்காரப் போகிறாரே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பேச்சியம்மாள் அண்ணனிடம் ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்: இவர் உட்காருகிறார், எழுந்தால் அப்புறம் நீ உட்காரு. அதனால் சுபேதார் மேடையில் ஏட்டையாவுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டார், சல்யூட் கிளம்பினால் தோளைப் பிடித்து அமுக்குவதற்கு. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். என் கண் ஏட்டையாவின் வலது கையை விட்டு நகரவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வீடியோக்காரர் ஏட்டையா குடும்பத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் நகரச் சொல்லும் வரை. யார் யாரை நகரச் சொல்வது, வேண்டுமானால் மாப்பிள்ளை நகரட்டும் என்று சுபேதார் மைக்கைப் பிடுங்கினார். மாப்பிள்ளையின் பெரியப்பா இன்னொரு மைக்கைப் பிடித்தார். "எங்க மாப்பிள்ளையை நகரச் சொல்ல நீரு யாரு?" "ஓய், இது பொண்ணு வீட்டு மேடை!" மேளக்காரர்கள் சண்டையை அமுக்கக் கெட்டிமேளத்தை முன்கூட்டியே தட்டிவிட்டார்கள். புரோகிதர் அலறினார். இத்தனைக்கும் நடுவில் ஏட்டையாவின் குதிகால்கள் மெல்லச் சேர்வதைப் பார்த்தேன். முதுகு விறைத்தது. பேச்சியம்மாள் செம்பைச் சாய்க்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். அவர் வலது கை மகளின் கைக்கு அடியில் இருந்தது. அது அங்கேயே இருந்தது. "ஊத்துட்டி" என்று மனைவியிடம் சொன்னார். தண்ணீர் விழுந்தது. சுபேதார் அப்போதும் மைக்கில்தான் இருந்தார், பெண்ணைத் தாரை வார்த்து முடிந்ததைக் கவனிக்கவில்லை.

பந்தியில் ஏட்டையா என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று பாயசம் ஊற்றச் சொன்னார். முகமெல்லாம் வேர்வை. கூட்டம் கொஞ்சம் விலகியதும், மெதுவாக, மேடையில் இன்ஸ்பெக்டர் வந்தாரா என்று கேட்டேன். அவர் தோள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வராம இருப்பாரா அண்ணாச்சி? ஆனா ஒண்ணு, இன்னைக்கு மண்டபத்துல பேசுனவங்கள்லயே அவரு ஒருத்தருதான் மெதுவாப் பேசுனாரு."

தலைக்குள் கேட்கும் குரலுக்குக் காந்தம் கண்டுபிடித்துவிட்ட இந்த உலகம், மைக்கைப் பிடித்தவரின் குரலுக்கு இன்னும் ஒரு டம்மிக் காயில்கூடச் சுற்றவில்லை என்பதுதான் இத்தனை நாள் தட்டியதில் நான் கண்டது.